அரச உருவப்படத்தை எப்படிப் பார்ப்பது? மறுமலர்ச்சிக் கால ஓவியங்களுக்குப் புதியவர்களுக்கு

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து அரசர்கள், அரசிகள், பிரபுக்களின் உருவப்படங்களை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இருண்ட உடை, கழுத்தில் சங்கிலி, சிரிக்காத முகம். பத்துப் படம் பார்ப்பதற்குள் அலுத்துவிடும். முகத்தைப் பார்க்கிறோம், பெயரைப் படிக்கிறோம், அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அலுப்புக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. மணப்பெண்ணைக் காட்ட ஒன்று, வாரிசு பிறந்துவிட்டான் என்று அறிவிக்க ஒன்று, எதிரியை மிரட்ட ஒன்று, இறந்துபோன மனைவியை நினைத்துக்கொண்டிருக்க ஒன்று. அந்த வேலையைக் கண்டுபிடித்துவிட்டால், கையில் ஏன் கையுறை, பின்னால் ஏன் வெறும் சுவர் என்பதெல்லாம் தானாக விளங்கும். அதற்கு எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு போன் அல்லது கணினி, ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு, அரை மணி நேரம் போதும்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

மோனா லிசாவில் தொடங்க வேண்டாம். அவர் அரச குலத்தவரும் இல்லை, ஃபுளோரன்ஸ் பட்டு வணிகர் ஒருவரின் மனைவி. அந்தப் படத்தைப் பற்றி நாம் ஏற்கெனவே கேட்டதெல்லாம் நம் கண்ணை மறைத்துவிடும்.

நான் எல்லோருக்கும் சொல்வது, லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள டென்மார்க் கிறிஸ்டினாவின் படம். ஹான்ஸ் ஹோல்பைன் 1538-இல் வரைந்தது. ஹோல்பைன் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துக்காரர், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியிடம் வேலை பார்த்தவர். இந்தப் படத்தில் ஆள் ஒருவர்தான். பின்னணியில் நீலப்பச்சைச் சுவரைத் தவிர வேறொன்றும் கிடையாது. கவனம் சிதறாது, அதனால் புதியவர்களுக்கு ஏற்றது. கேலரியின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி படம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் விவரக் குறிப்பைப் படியுங்கள். ஓவியர், ஆண்டு, எதன் மேல் வரைந்தது, அளவு ஆகிய நான்கும் வேண்டும். ஓவியர் பெயருக்குப் பக்கத்தில் 'பட்டறை' என்றோ 'இன்னாரைப் பின்பற்றி' என்றோ இருந்தால் கவனியுங்கள். அந்தப் படத்தில் தலைமை ஓவியரின் கை படாமலே இருந்திருக்கலாம். பெயர்களும் மாறும். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கறுப்பு உடைப் படம் நெடுங்காலம் சான்செஸ் கோயெல்லோ என்ற ஓவியர் வரைந்ததாகக் கருதப்பட்டது. அது சோஃபோனிஸ்பா அங்கிசோலா என்ற இத்தாலியப் பெண் ஓவியரின் படம் என்று இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நாடாவை எடுத்துச் சுவரில் அளந்து பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். போனில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான், ஏமாந்துபோவோம்.

கிறிஸ்டினா படத்தின் உயரம் 179 சென்டிமீட்டர், அகலம் 82.5. உங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு பென்சில் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு பெண் முழு உருவத்தில் எதிரே வந்து நிற்கும் அளவு அது. அதே ஓவியர் வரைந்த எட்டாம் ஹென்றியின் படம் ஒன்று மாட்ரிட் தைசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 28, அகலம் 20. ஓர் ஏ4 தாளைவிடச் சற்றுச் சிறியது! படத்தில் ஹென்றி சட்டத்தையே நிறைத்துக்கொண்டு அவ்வளவு பெரியவராகத் தெரிவார், ஆனால் படம் கையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுதான். இன்னொரு கோடியில் வெனிஸ் ஓவியர் டிஷியன் 1548-இல் வரைந்த பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ், முல்பெர்க் போரில் வென்றதற்காகக் குதிரைமேல் ஈட்டியுடன். அது 335-க்கு 283 சென்டிமீட்டர், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

சின்னப் படம் நெருங்கியவர்களுக்கு அல்லது பரிசாகக் கொடுக்க. பெரிய படம் கூடத்தில் வந்து நிற்பவர்களுக்கு. எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் யோசிக்கத் தொடங்க நல்ல இடம்.

யார், யாருக்காக, எதற்காக?

நேரம் குறைவென்றால் இந்த ஒரு படியையாவது செய்யுங்கள்.

1537 அக்டோபரில் ஹென்றியின் மூன்றாவது மனைவி ஜேன் சீமோர், மகன் எட்வர்ட் பிறந்த சில நாட்களில் இறந்துபோனார். உடனே அடுத்த பெண் தேடத் தொடங்கிவிட்டார்கள். பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டினா. டென்மார்க்கில் பதவி இழந்த மன்னர் இரண்டாம் கிறிஸ்டியனின் மகள். சிறுமியாக இருக்கும்போதே மிலான் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவுக்கு மணம் முடித்து வைத்தார்கள். 1535-இல் கணவர் இறந்துவிட்டார். 1538-இல் பதினாறு வயது விதவையாக ப்ரஸ்ஸல்ஸில் தன் அத்தையோடு... இல்லை, உறவைச் சரியாகச் சொல்ல வேண்டும், இங்கே உறவுதான் முக்கியம். நெதர்லாந்தை ஆண்ட ஹங்கேரி மேரி அவருக்குச் சித்தி, அம்மாவின் தங்கை. பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் தாய்மாமன்.

ஹென்றி பெண்ணை நேரில் பார்க்க முடியாது. அதனால் ஓவியரை அனுப்பினார். ஜாதகத்தோடு போட்டோ அனுப்பிவைப்பது போலத்தான், ஆனால் இங்கே போட்டோகிராபரை அனுப்பியது மாப்பிள்ளை வீடு. 1538 மார்ச் 12 அன்று ப்ரஸ்ஸல்ஸில் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை, மூன்றே மணி நேரம் கிறிஸ்டினா ஹோல்பைன் முன்னால் இருந்தார். அந்த நேரத்தில் ஹோல்பைன் வரைந்தது கோட்டோவியம் மட்டும்தான். இப்போது நாம் பார்க்கும் எண்ணெய் வண்ண ஓவியத்தை அதை வைத்துக்கொண்டு பிறகு வரைந்தார்.

கோட்டோவியத்தைப் பார்த்ததிலிருந்து ஹென்றிக்கு ஒரே உற்சாகம், நாள் முழுதும் இசைக் கலைஞர்களை வாசிக்கச் சொன்னார் என்று பேரரசரின் தூதர் எழுதினார். ஆனாலும் கல்யாணம் நடக்கவில்லை. ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி அராகன் கேத்தரின், கிறிஸ்டினாவின் பாட்டிக்குத் தங்கை. சின்னப் பாட்டியைக் கட்டியவருக்குப் பேத்தியைக் கொடுக்கப் போப்பின் அனுமதி வேண்டும். போப்பையே தலைவராக ஏற்காத ஹென்றி அதை எப்படிக் கேட்பார்? 'எனக்கு இரண்டு தலை இருந்தால் ஒன்றை இங்கிலாந்து மன்னருக்குக் கொடுப்பேன்' என்று கிறிஸ்டினா சொன்னதாக ஒரு பேச்சு எல்லா இடத்திலும் வரும். அதற்கு அக்காலத்துச் சான்று கிடையாது. இந்த ஓவியங்களைச் சுற்றி இதுபோல நிறையக் கதைகள் உண்டு, கேட்டதும் நம்பிவிட வேண்டாம்.

பேச்சு முறிந்தபின்பும் ஹென்றி படத்தைத் திருப்பி அனுப்பவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டார். இவ்வளவும் தெரிந்தபின் ஒருமுறை படத்தைப் பாருங்கள். முழு உருவம் ஏன் என்று இப்போது புரியும். பெண் எவ்வளவு உயரம், எப்படி நிற்கிறாள் என்பதெல்லாம் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

மூன்று வகைதான். பக்கவாட்டு முகம், முக்கால் முகம், நேர் முகம்.

இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டில் பக்கவாட்டு முகம் அதிகம், பழைய ரோமானிய நாணயங்களைப் பார்த்துப் பழகியதால். ஃபுளோரன்ஸ் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் பியரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த உர்பினோ பிரபு ஃபெதரிகோவும் அவர் மனைவி பட்டிஸ்டாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கும் இரட்டைப் படம் இருக்கிறது. ஃபெதரிகோ ஈட்டிப் பந்தயம் ஒன்றில் வலது கண்ணை இழந்தவர். படத்தில் இடது பக்கம் மட்டும் தெரிகிறது. ஆனால் உடைந்த மூக்குத் தண்டை மறைக்கவில்லை, கன்னத்து மருக்களையும் மறைக்கவில்லை. எதை மறைப்பது, எதை விடுவது என்று யாரோ யோசித்து முடிவெடுத்திருக்கிறார்கள். எதிரே இருக்கும் பட்டிஸ்டாவின் வெளிறிய முகத்தையும் பாருங்கள். அவர் 1472-இலேயே இறந்துவிட்டார், படம் அதற்குப் பிறகு வரைந்தது என்பது பெரும்பாலோர் கருத்து.

முக்கால் முகம் வடக்கே, நெதர்லாந்துப் பக்கம் வளர்ந்து எல்லா இடத்துக்கும் பரவியது. நேர் முகம் அரிது, பார்ப்பவரை நேராக மறிக்கும். லண்டன் ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் ஹோல்பைன் 1537-இல் ஹென்றியைக் கால் அகட்டி நிற்பதாக வரைந்தார். 1698 தீ விபத்தில் சுவர் போய்விட்டது. ஆனால் அதற்காகத் தயாரித்த முழு அளவுக் கோட்டோவியத்தின் ஒரு பகுதி லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் தப்பியிருக்கிறது. அதில் ஹென்றியின் முகம் முக்கால். சுவரோவியத்தின் நகல்களில் நேர் முகம். நடுவில் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தத் தலையை நம்மைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். ஹென்றி என்றாலே நம் மனதில் வரும் உருவம் அந்தத் திருப்பத்தில் பிறந்ததுதான்.

துணியையும் நகையையும் பெரிதாக்கிப் பாருங்கள்

முகத்துக்கு இன்னும் போக வேண்டாம். அக்காலத்தில் ஒரு அரச உடையின் விலை பல நேரம் ஓவியரின் கூலியைவிட மிக அதிகம். படத்துக்கு அமர்ந்தவர் துணியைத்தான் முதலில் சரிபார்த்திருப்பார். இங்கிலாந்தின் விண்ட்ஸரில் ஹோல்பைனின் சுண்ணக்கட்டிக் கோட்டோவியங்கள் சுமார் எண்பது இருக்கின்றன. பல தாள்களில் உடை வரும் இடத்தில் துணியின் பெயரையும் நிறத்தையும் ஜெர்மனில் கிறுக்கி வைத்திருக்கிறார், வெள்ளை வெல்வெட் என்பது போல. வீட்டுக்குப் போய் வண்ணம் தீட்டும்போது மறக்கக் கூடாதே!

துணிக்காகவே பார்க்க வேண்டிய படம் ப்ரொன்சினோ 1545 வாக்கில் வரைந்த எலியனோரா, உஃபிட்சியில் இருக்கிறது. ஃபுளோரன்ஸ் பிரபு முதலாம் கோசிமோவின் மனைவி, நேப்பிள்ஸை ஆண்ட ஸ்பானிய ஆளுநரின் மகள். வெள்ளைப் பட்டின்மேல் கறுப்பு வெல்வெட் கொடிகள், நடுவே தங்க இழையில் மாதுளை. பெரிதாக்கிப் பார்த்தால் தங்க இழை சுருள் சுருளாக நிற்பதுகூடத் தெரியும். ஒரு கை மகனின் தோள்மேல். மாதுளை பிள்ளைப்பேற்றின் அடையாளம், பக்கத்தில் பிள்ளை. வம்சம் தொடரும் என்பதைத் துணியே சொல்லிவிடுகிறது. அந்த உடையிலேயே அவரைப் புதைத்தார்கள் என்று ஒரு கதை உலவியது. கல்லறையில் கிடைத்த உடையை ஆராய்ந்ததில் அது வேறு உடை என்று தெரிந்தது.

நகையில் ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். தங்கக் கூட்டுக்குள் கறுப்பாக ஒரு சதுரக் கல் தெரியும். அது பெரும்பாலும் வைரம். அன்றைக்குப் பல பட்டை தீட்டும் முறை வளரவில்லை, மேலே தட்டையாக வெட்டினார்கள். ஒளி உள்ளே புகுந்து சிதறித் திரும்பாததால் கல் இருண்டு தெரிந்தது, ஓவியர்கள் கண்டபடியே கறுப்பாகத் தீட்டி ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று வைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை ஐரோப்பா போன வைரங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தியாவிலிருந்து போனவை. முத்து அப்படியில்லை. மன்னார் வளைகுடாவிலிருந்தும் போனது, பாரசீக வளைகுடாவிலிருந்தும் அமெரிக்கக் கரைகளிலிருந்தும் வந்தது. படத்தில் இருக்கும் முத்தைக் காட்டி இது நம் கடல் முத்து என்று சொல்ல வழியில்லை.

கிறிஸ்டினாவிடம் இந்த ஆடம்பரம் எதுவும் இல்லை. கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, முன்பக்கம் மேலிருந்து கீழாகப் பழுப்பு நிற மென்மயிர்ப் பட்டை. கணவருக்கான துக்க உடை. ஆனால் கறுப்பைப் பார்த்தாலே துக்கம் என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல ஆழ்ந்த கறுப்புச் சாயம் விலை அதிகம், ஸ்பெயின் அரசவையில் கறுப்புதான் நாகரிகம்.

அப்புறம் கைகள்

கறுப்பு உடைக்கு நடுவே கிறிஸ்டினாவின் இரண்டு கைகளும் முகத்தைப் போலவே வெளிச்சமாக இருக்கின்றன. நம் கண் முகம், கை, மறுபடி முகம் என்று போய்வரும்படி ஹோல்பைன் செய்திருக்கிறார். கையில் கழற்றிய கையுறைகள். நீண்ட விரல்கள், ஒரு சிவப்புக்கல் மோதிரம். இந்தக் கைகளில் ஒரு நிமிடமாவது நில்லுங்கள், எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். கையுறையின் மடிப்பையும் விரல்கள் அதை லேசாகப் பிடித்திருப்பதையும் பாருங்கள். மூன்று மணி நேரம் அவரைப் பார்த்த ஒருவர் எதையெல்லாம் கவனித்தார் என்று தெரியும்.

மற்ற படங்களில் கையில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாம் எலிசபெத்தின் படங்கள் சிலவற்றில் கையில் சல்லடை இருக்கும். சல்லடையில் தண்ணீர் சிந்தாமல் எடுத்துவந்து தன் கற்பை நிரூபித்த ரோமானியக் கன்னி டூசியாவின் கதை அது. லியனார்டோ வரைந்த சிசிலியா கல்லெரானியின் கையில் வெள்ளைக் கீரி போன்ற எர்மின். அவரைக் காதலித்த மிலான் பிரபு லுடோவிகோ, எர்மின் பெயரிலான வீரர் அணியில் சேர்க்கப்பட்டவர். கையில் இருப்பதற்குப் பொருள் தெரியாவிட்டால் நோட்டில் எழுதி வையுங்கள், பிறகு தேடலாம்.

எழுத்து இருந்தால் படியுங்கள், ஆனால் சந்தேகத்தோடு

கிறிஸ்டினாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பதாக வரைந்திருக்கிறது, அவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். அவரை லொரெய்ன் பிரபுவின் மனைவி என்கிறது. அந்தக் கல்யாணம் நடந்தது 1541-இல், படம் 1538-ஐச் சேர்ந்தது. ஆக, தாள் பிறகு சேர்த்தது. ஆண்டுகளை ஒப்பிட்டால் இதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லா எழுத்தும் அப்படியில்லை. ஹோல்பைனின் 'தூதர்கள்' (1533) படத்தில் ஒருவரின் குத்துவாள் உறையில் 29 என்ற வயது, மற்றவர் கை ஊன்றிய புத்தகத்தில் 25 என்ற வயது. இவை ஓவியரே வைத்தவை.

இப்போது முகம்

இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம், முகத்தில்தான் நாம் அதிகம் கற்பனை செய்கிறோம். சோகம், கர்வம், தந்திரம் என்று நாமே வாசித்துக்கொள்கிறோம்.

முகம் எவ்வளவு உண்மை என்பது வேலையைப் பொறுத்தது. இத்தாலியின் மாந்துவா பிரபுவின் விதவை இசபெல்லா தெஸ்தேவை டிஷியன் 1530-களில் வரைந்தபோது அவருக்கு அறுபது வயது. படத்தில் இருப்பது ஓர் இளம்பெண். பழைய படம் ஒன்றைக் கொடுத்து அப்படி வரையச் சொன்னார். ஐந்தாம் சார்ல்ஸின் மனைவி போர்ச்சுகல் இசபெல்லாவை அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, நேரில் பார்க்காமலே டிஷியன் வரைந்தார். அந்த முகம் கணவரின் நினைவுக்காக.

கிறிஸ்டினா விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ப்ரஸ்ஸல்ஸில் இருந்த இங்கிலாந்துத் தூதர் ஜான் ஹட்டன் அவரைப் பற்றி எழுதியது கிடைக்கிறது. நல்ல உயரம், சிரித்தால் இரண்டு கன்னத்திலும் தாடையிலும் குழி விழும், அது அவருக்கு மிக நன்றாக இருக்கிறது என்கிறார். படத்தில் அவர் சிரிக்கவில்லை. வாயோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடுமோ என்பது போல ஒரு இளக்கம் இருக்கும். எனக்கு அப்படித் தெரிகிறது. உங்களுக்குத் தெரியாவிட்டால் அதையும் எழுதி வையுங்கள்.

நீங்கள் பார்ப்பது அன்றைய நிறம்தானா?

ஐந்நூறு ஆண்டுகளில் வண்ணம் மாறும். செம்பிலிருந்து எடுத்த பச்சை பழுப்பாகும், சில சிவப்புகள் வெளுத்துப்போகும். லண்டனில் உள்ள எலிசபெத்தின் 'டார்ன்லி' படத்தில் (சுமார் 1575) முகம் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, அரசி எப்போதும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். கன்னத்தில் இருந்த சிவப்பு மங்கிவிட்டது என்று ஆய்வில் தெரிந்தது. அந்தப் படத்தின் முகத்தைத்தான் பின்னாளில் பல படங்களுக்கு அச்சாக எடுத்துக்கொண்டார்கள். அரசி ஒவ்வொரு ஓவியருக்கும் உட்கார்ந்துகொண்டிருக்க முடியாது. அங்கீகரித்த முகம் ஒன்று இருந்தால் உடையை மாற்றி வரைந்துகொள்ளலாம்.

அடுத்து ஜோடியாகப் பாருங்கள்

கிறிஸ்டினாவை முடித்தபின், பாரிஸ் லூவரில் இருக்கும் கிளீவ்ஸ் ஆனின் படத்தை (1539) பக்கத்தில் வையுங்கள். அதே ஓவியர், அதே மாப்பிள்ளை, அடுத்த ஆண்டு. இம்முறை நேர் முகம், இடுப்புவரை, நகையும் பின்னல் வேலையும் நிறைந்த உடை, தோல்தாளில் வரைந்து கித்தானில் ஒட்டியது. 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. ஹோல்பைன் பொய்யாக வரைந்து ஏமாற்றினார் என்பார்கள். ஆனால் அவரைத் தண்டித்ததாகப் பதிவு இல்லை. தலை போனது சம்பந்தம் பேசிய அமைச்சர் தாமஸ் க்ராம்வெலுக்கு, அதற்கும் வேறு அரசியல் காரணங்கள் சேர்ந்துகொண்டன. இரண்டு படத்திலும் ஓவியர் உடைக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார், ஆளுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கடுத்த ஜோடி ஐந்தாம் சார்ல்ஸும் அவர் நாயும். யாகோப் சைசனெக்கர் 1532-இல் வரைந்தது வியன்னாவில், டிஷியன் 1533-இல் அதையே வைத்து வரைந்தது பிராடோவில். அதே நிலை, அதே உடை, அதே நாய். கண்ணிமை, தரை, ஆள் சட்டத்தை எவ்வளவு நிறைக்கிறார் என்ற மூன்றை மட்டும் எழுதிக்கொண்டு இரண்டு படத்துக்கும் தலா பதினைந்து நிமிடம் கொடுங்கள்.